மூன்று முறை கேட்க வேண்டும்

எங்கள் வீட்டில் யாரும் முதல் முறை கேட்டதற்கு ஓம் என்று சொன்னது கிடையாது. போன இடத்தில் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தோம் என்போம். குடித்திருக்க மாட்டோம். வீட்டுக்காரர் திரும்பவும் கேட்பார். அப்போதும் வேண்டாம்தான், ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூன்றாம் முறை கேட்கும்போது பேசாமல் இருப்போம், தேத்தண்ணி வந்துவிடும். முதல் முறையே தலையாட்டுகிறவனைக் காணாததைக் கண்டவன் என்று பிறகு வீட்டில் பேசிச் சிரிப்போம். மூன்றாம் முறை கேட்காத வீட்டுக்காரரைப் பற்றி இன்னும் மோசமாகப் பேசுவோம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகியதுபோல இதையும் பழகிக்கொண்டேன்.

ரொறன்ரோவுக்கு வந்து நாலு வருடமாகியும் இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தேழு வயது. ஸ்காபரோவில் வேறொரு குடும்பத்தின் அப்பார்ட்மென்டில், அவர்களுடைய வரவேற்பறையின் ஒரு மூலையைத் திரைச்சீலையால் மறித்து அதற்குள் இருந்தேன். பகலில் நகரத்தின் நடுவே ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கோப்பு அடுக்கும் வேலை. ஏஜென்சி அனுப்பிய தற்காலிக வேலை. இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு வரவேண்டாம் என்றால் போகவேண்டியதுதான்.

என் ஒரே தங்கை அப்போது கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தாள். பதினெட்டு வயது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தூரத்து உறவான ஒரு அன்ரியின் பொறுப்பில் அவளை விட்டிருந்தோம். தாய் தகப்பன் இல்லாத, கலியாணம் ஆகாத தங்கையை நான் ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம், ஆனால் அவளுக்குப் பத்தொன்பது வயது ஆவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும் என்றார்கள். அவளுடைய பிறந்தநாள் பெப்ரவரி கடைசியில். நான் சொல்கிற கதை டிசம்பரில் நடந்தது.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், புடவைக்கடைக்குப் பக்கத்து அறையில், எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு அண்ணை இருந்தார். என் ஏஜென்சிக் கடிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"உதோட போட்டால் உது திரும்பி வரும், பிள்ளை. நிரந்தர வேலை எண்டு கொம்பனி ஒரு கடிதம் தரவேணும். அதை எடுத்துக்கொண்டு வாரும், மிச்சத்தை நான் பாக்கிறன்."

"பிறகு போட ஏலாதோ, அண்ணை?"

"பத்தொன்பது ஆச்சுதெண்டால் பிறகு ஒருத்தராலயும் ஏலாது. அவ உம்மட குடும்பம் இல்லையெண்டு ஆயிடும்."

அக்கா தங்கை உறவுக்கும் காலாவதித் தேதி வைத்திருக்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபித்து என்ன செய்வது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் கார்ட் வாங்கி அவளோடு பேசுவேன்.

"சப்பாத்து ஏதும் வாங்கி அனுப்பட்டோ?"

"வேண்டாமக்கா. இருக்கு."

"உண்மையா இருக்கோ?"

"இருக்கக்கா. நடக்கலாம்."

"அடி தேஞ்சிட்டுதோ?"

"மழைக்குத் தண்ணி உள்ளுக்கு வருது, அக்கா."

எங்களிடம் உண்மை இப்படித்தான் மூன்றாம் முறை வரும். அந்த டிசம்பரின் முதல் ஞாயிறு அவள் வேறொன்று சொன்னாள். பொலிஸ் வந்து லொட்ஜில் இருந்த தமிழ்ப் பெட்டையள் எல்லாரையும் சந்தேகத்தில் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க இருத்தி வைத்ததாம்.

"அடிச்சவையோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

அதை நான் இன்னொரு முறை கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அதற்கடுத்த வாரம்தான் எங்கள் மனேஜர், கிறிஸ்மஸுக்கு முன் என்னையும் என்னோடு வேலை செய்த மற்றப் பெண்ணையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். கோப்பறையில் நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேரும் தற்காலிகம். மனேஜர் ஐம்பது வயதைத் தாண்டிய, உயரமான, எதையும் நேரத்துக்குச் செய்கிற பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மற்றவள் கனடாவின் கிழக்குக் கரைக்காரி. அவர்களுடைய கடலில் மீன் அற்றுப்போய், அரசாங்கம் மீன்பிடியை நிறுத்திவிட, கட்டிவைத்த படகை விட்டுவிட்டுப் புருஷனோடு ரொறன்ரோவுக்கு வந்தவள். பார்க்டேலில் ஒற்றை அறையில் இருந்தார்கள். அவனுக்கு இங்கே ஒரு வேலையும் சரிவரவில்லை. கட்டிலை விட்டு எழும்புவதே இல்லை என்று சொல்வாள். கோப்பறைக்கு எனக்கு நாலு மாதம் முன்னால் வந்தவள்.

அந்தச் சாப்பாட்டு நாளன்று அவள் புருஷனை டொக்டரிடம் காட்டிவிட்டு நேரே சாப்பாட்டுக் கடைக்கு வருவதாக ஏற்பாடு. நானும் மனேஜரும் அலுவலகத்திலிருந்து பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு இரண்டு தெரு நடந்தோம்.

அது ஒரு பிரெஞ்சுப் பிரஸரி, அவர்களுடைய பாணியில் பெரிய சாப்பாட்டுக் கடை. அதற்குமுன் நான் அந்த மாதிரி இடத்துக்குள் கால் வைத்ததில்லை. கதவைத் திறந்ததும் சத்தம் முகத்தில் அடித்தது. கல் பாவிய தரை, சுவர் முழுக்கக் கண்ணாடி, சிவப்புத் தோல் இருக்கைகள். மேசைகளை அவ்வளவு நெருக்கமாகப் போட்டிருந்தார்கள், பக்கத்து மேசைக்காரன் இறைச்சியை வெட்டும்போது அவன் முழங்கை என் தோளில் பட்டது. முழங்காலுக்குக் கீழே வரை வெள்ளை ஏப்ரன் கட்டிய வெயிட்டர்கள் நாலைந்து தட்டைக் கையில் அடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். கிறிஸ்மஸ் கிழமை என்பதால் நிற்க இடமில்லை. மேசைத்துணிக்கு மேல் வெள்ளைக் கடதாசி விரித்திருந்தது. அதிலே சிந்தினால் யாரும் ஏசமாட்டார்கள் என்று எனக்கு ஒரு ஆறுதல்.

மனேஜர் மேற்கோட்டைக் கழற்றியபடியே விஷயத்துக்கு வந்துவிட்டார். சுற்றி வளைக்கத் தெரியாத மனுஷி. ஜனவரியில் கோப்பறைக்கு ஒரு நிரந்தர இடம் வருகிறது, ஒன்றுதான் வருகிறது, மற்றவள் வருவதற்கு முன் உன்னிடம் கேட்க நினைத்தேன் என்றார். உன் வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு அந்த இடம் வேண்டுமா?

கடிதம், லெட்டர்ஹெட், படிவக்கார அண்ணை, தங்கை விமானத்திலிருந்து இறங்குவது எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்தன. நான் தலையைக் குனிந்து, சிரித்து, நல்ல பிள்ளையாக, "வேண்டாம், பரவாயில்லை. அவள்தான் எனக்கு முன்னால் வந்தவள். அவளுக்குக் கொடுங்கள்" என்றேன்.

"நிச்சயமாகவா?" என்று மனேஜர் கேட்டார்.

"ஓம், ஓம். எனக்குப் பிரச்சினை இல்லை" என்றேன். குரலைச் சரியாக இறக்கியும் விட்டேன்.

மிகவும் பெருந்தன்மையான பதில் என்றார் மனேஜர். பிறகு கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு மெனுவைத் திறந்தார்.

நான் கவலைப்படவில்லை, அதுதான் இன்றைக்கும் என்னால் தாங்கமுடியாதது. ஆற அமர உட்கார்ந்து, மூன்றாம் முறை கேட்கும்போது எப்படி ஏற்றுக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் வசனம் கோர்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இவ்வளவு சொல்கிறபடியால் மறுக்கமுடியவில்லை என்று சொல்லலாமா, அல்லது சும்மா தாங்க் யூ போதுமா. இதற்கிடையில் மனேஜர் வைன் குடிக்கிறாயா என்றார். வேண்டாம் என்றேன். இங்கே வெங்காய சூப் நன்றாக இருக்கும், ஒன்று சொல்லட்டுமா என்றார். வேண்டாம், பசியில்லை என்றேன். காலையிலிருந்து பச்சைத்தண்ணி தவிர ஒன்றும் குடிக்கவில்லை. சரி, சாப்பிட என்ன என்றார். சின்னதாக ஏதாவது என்றேன். வெயிட்டரிடம் அவர் சொன்னார், அவன் எழுதினான், போய்விட்டான்.

மனேஜருக்கு மேலே சீஸ் பொங்கி வழிகிற சூப் வந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைத் தட்டில் பச்சை இலைகளைக் கொண்டுவந்து வைத்தான் வெயிட்டர். ஆட்டுக்குப் போடுகிறதை அழகாக அடுக்கியிருந்தார்கள்.

அந்த நேரம் பாண் கூடையோடு, அதுதான் பிரெட் கூடையோடு, ஒரு ஆள் வந்தார். கறுப்புச் சட்டை, எங்கள் முகம். அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் எந்தக் கடைக்குப் போனாலும் சமையல் குசினிக்குள் எங்கள் ஆட்கள் இருப்பார்கள், இவர் எப்படியோ வெளியே பாண் போடுகிற வேலை வரை வந்திருந்தார். இடுக்கியால் மனேஜருக்கு ஒரு துண்டு வைத்தார். என்னிடம் வந்ததும் குனிந்து மெல்லக் கேட்டார்.

"தமிழோ?"

"ஓம்."

"பாண் வைக்கட்டோ?"

"வேண்டாம், அண்ணை."

"சும்மா இருங்கோ. உந்த இலையைத் திண்டு ஆருக்குக் காணும்?"

இரண்டு துண்டை வைத்துவிட்டு, போகிற போக்கில் மூன்றாவதையும் வைத்துவிட்டுப் போனார்.

நான் பாணைப் பார்த்தேன். சூடு இன்னும் அடங்காத பாண். பிறகு எதிரே சூப் குடித்துக்கொண்டிருந்த மனேஜரைப் பார்த்தேன். இந்த மனுஷி என்னிடம் வைன் கேட்டார், நான் வேண்டாமென்றேன், வைன் வரவில்லை. சூப் கேட்டார், வேண்டாமென்றேன், சூப் வரவில்லை. நான் வேண்டாமென்று சொன்ன ஒன்றும் திரும்பி வரவில்லை. இவரிடத்தில் மூன்றாம் முறை என்று ஒன்று கிடையாது. கேட்டார், உறுதியா என்றும் கேட்டார், நான் சொன்னதை நம்பினார், முடிந்தது. வேலை போய்விட்டது.

என் தங்கையின் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு இலை மென்றுகொண்டிருக்கிறேன். உடனே சொல்லவேண்டும், இப்போதே, மற்றவள் வருவதற்கு முன். வாயில் இருந்த இலையை விழுங்கிவிட்டு, "நீங்கள் அந்த வேலை பற்றி" என்று தொடங்கினேன். மனேஜர் நிமிர்ந்தார். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக் கையை உயர்த்தினார். மற்றவள் தொப்பியில் பனியோடு வந்துகொண்டிருந்தாள்.

அவள் என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டொக்டர் புருஷனுக்கு மாத்திரை எழுதியிருக்கிறாராம், ஆறு வாரம் செல்லும், வேலைக்குப் போனால்தான் மனம் சரிவரும், மனம் சரிவந்தால்தான் வேலைக்குப் போகலாம் என்றாராம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். ஒரு தட்டு மட்டிச் சிப்பியும் பொரித்த உருளைக்கிழங்கும் கேட்டாள். நான் அவளை வெறுத்தேன். மூன்று மாதமாக என்னோடு கோப்புத் தூக்கியவள், எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள். அந்தக் கதிரையில் அவள் வந்து உட்கார்ந்ததற்காகவே வெறுத்தேன்.

அவள் முன்னால் எப்படிக் கேட்பது. அவளுக்குக் கொடுங்கள் என்று சற்றுமுன் சொன்னவள், இப்போது அவள் வாயிலிருந்து பிடுங்கித் தா என்று எந்த முகத்தோடு கேட்பேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு இதற்கும் ஒரு வழி உண்டு. நாங்கள் நேராகக் கேட்கமாட்டோம், தெரியப்படுத்துவோம். நமக்குக் கஷ்டம் என்று மற்றவருக்குத் தெரிந்தால் அவராகவே செய்யவேண்டும். செய்யாதவன் மனுஷனில்லை.

"எனக்குக் கொழும்பில் ஒரு தங்கை இருக்கிறாள்" என்றேன்.

"அப்படியா, எத்தனை வயது?" என்றார் மனேஜர்.

"பதினெட்டு. பெப்ரவரியில் பத்தொன்பது. அவளுக்கு வேறு ஒருவரும் இல்லை. அவளை இங்கே கூப்பிட வேண்டும்."

"வரட்டும். கோடை காலத்தில் வரச்சொல். ரொறன்ரோ அப்போதுதான் அழகு."

"கூப்பிடுவதற்கு ஒரு கடிதம் வேண்டும்" என்றேன். "எனக்கு நிரந்தர வேலை என்று கடிதம் வேண்டும்."

கடைசி வசனத்தை நான் சொல்லும்போது, பக்கத்து மேசையில் ஏதோ அலுவலகக்காரர்கள் எழுந்து நின்று கிளாஸை உயர்த்திக் கத்தினார்கள். மனேஜர் எனக்குத் தலையாட்டினார். காதில் விழாதவர்கள் மரியாதைக்கு ஆட்டுகிற ஆட்டம் அது. அந்த ஆட்டத்தை நானே இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் முறை ஆட்டியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. திரும்பச் சொல்ல வாயைத் திறந்தேன். வெயிட்டர் எனக்கும் அவருக்கும் நடுவில் கையை நீட்டி மட்டித் தட்டை வைத்தான். பூண்டு மணத்தோடு ஆவி எழும்பி மனேஜரின் முகத்தை மறைத்தது.

"எடு" என்று மற்றவள் தன் தட்டைத் தள்ளினாள்.

"வேண்டாம்."

"எடு."

"உண்மையாக, போதும்."

அவள் கேட்கவே இல்லை. உருளைக்கிழங்கைக் கையால் அள்ளி என் இலைகளுக்கு மேல் போட்டாள். ஆறேழு மட்டியையும் வைத்தாள். எங்கள் துறைமுகத்தில் ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் வெளியே வரமுடியாது, வேண்டாம் என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் எழும்ப விடமாட்டார்கள் என்றாள். மனேஜர் மரியாதைக்குச் சிரித்தார். நான் உருளைக்கிழங்கை வாயில் போட்டேன். உப்பும் எண்ணெயுமாக, அழுகை வரும் அளவுக்கு ருசியாக இருந்தது.

அடுத்த அரை மணி நேரம் நான் பட்ட பாட்டை எப்படி எழுதுவது. இருவரும் பேசினார்கள், நான் மற்றவளுடைய கிளாஸில் தண்ணீர் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குடித்தால் கழிவறைக்குப் போவாள், போனால் இரண்டு நிமிடம் கிடைக்கும். தண்ணீர்ச் சாடியை எடுத்து நானே அவளுக்கு ஊற்றிக்கொடுத்தேன், இரண்டு தடவை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாரே என்று மனதுக்குள் மன்றாடினேன். சாவித் திறப்பைத் தொலைத்தால் கண்டுபிடித்துத் தருவார், கம்மலைத் தொலைத்தால் தருவார். வாயால் தொலைத்ததைத் தருவாரா என்று தெரியவில்லை. ஒரு மெழுகுதிரி அல்ல, ஒரு பெட்டி கொளுத்துவதாக நேர்ந்தேன்.

அந்தோனியார் கேட்டார் போலிருக்கிறது. மற்றவள் எழும்பிப் போனாள். நான் திரும்பியபோது மனேஜரும் எழும்பி நின்றார். பாருக்குப் பக்கத்தில் அவருக்குத் தெரிந்த ஒருவர் நின்றிருந்தார், இவர் போய் அவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து நலம் விசாரிக்கத் தொடங்கினார். நான் தனியே மேசையில் உட்கார்ந்து மூன்று மட்டி ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எழும்பிப் போய் அவருடைய கையைப் பிடித்து இழுக்கலாமா என்று நினைத்தேன். மற்றவள் திரும்பி வந்த பிறகுதான் மனேஜரும் வந்தார்.

என்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் இருண்டது. கப்பலேறி, எல்லை கடந்து, மொழி தெரியாத அதிகாரிகள் முன் நின்று கதை சொல்லி இந்த நாட்டுக்குள் வந்தவள் நான். ஒரு சாப்பாட்டு மேசையில் எனக்கு வேண்டும் என்ற ஒரு சொல்லைச் சொல்ல நாக்கு எழவில்லை. இந்த நல்ல பிள்ளைத்தனத்தை எனக்கு ஊட்டி வளர்த்த எல்லாரையும் மனதுக்குள் திட்டினேன், செத்துப்போன அம்மாவையும் சேர்த்து.

வெயிட்டர் தட்டுகளை எடுத்துவிட்டு இனிப்பு என்ன என்று கேட்டான். மனேஜர் ஒன்று சொன்னார், மற்றவள் ஒன்று சொன்னாள். "உனக்கு?" என்று மனேஜர் என்னைக் கேட்டார்.

"வேண்டாம்" என்றது என் வாய்.

சரி என்று அவர் வெயிட்டர் பக்கம் திரும்பினார்.

"இல்லை" என்றேன். "வேண்டும். எனக்கும் வேண்டும். நீங்கள் சொன்னதே எனக்கும்."

மனேஜர் சிரித்தார். நல்லது, நீ ஒன்றுமே சாப்பிடவில்லை என்றார். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. பக்கத்து மேசைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இனிப்பு வந்தது, மேலே சீனியைக் கருக்கி ஓடு மாதிரி ஆக்கியிருந்தது. கரண்டியால் தட்டினால் உடைந்தது. நான் அதை ஒரு வாய் வைத்தேன், என்ன ருசி என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

கோப்பி வந்ததும் மனேஜர் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். மற்றவளைப் பார்த்து, இன்றைக்கு உன்னிடம் ஒரு நல்ல செய்தி சொல்லவேண்டும் என்றார்.

"நான் பொய் சொன்னேன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டும் என்று நான் கிட்டத்தட்டக் கத்தியிருந்தேன். அந்த நேரம் பார்த்துச் சுற்றுமுற்றும் சத்தம் அடங்கியும் இருந்தது.

"நீங்கள் கேட்டபோது வேண்டாமென்று சொன்னேன். அது பொய். எனக்கு அந்த வேலை வேண்டும். எனக்கு அது கட்டாயம் வேண்டும்."

மனேஜரின் முகம் சிவந்துவிட்டது. "நான் உன்னிடம் இரண்டு முறை கேட்டேனே" என்றார்.

"எங்கள் இடத்தில் மூன்று முறை கேட்பார்கள்" என்றேன். சொன்னபிறகுதான் அது எவ்வளவு பைத்தியக்காரத்தனமாகக் கேட்கிறது என்று விளங்கியது. கண்ணால் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. துடைக்கத் துணியைத் தேடி மேசைக் கடதாசியைக் கிழித்துவிட்டேன்.

மனேஜர் ஒன்றும் விளங்காமல் என்னையும் மற்றவளையும் மாறிமாறிப் பார்த்தார். மற்றவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு இடம் வருகிறது, அது தனக்குச் சொல்லப்பட இருந்தது, பக்கத்தில் இருக்கிறவள் அதைப் பிடுங்குகிறாள். அவள் கையைத் துடைத்தாள், ஒவ்வொரு விரலாக, நேரம் எடுத்து.

"இவளுக்குத் தங்கை இருக்கிறாள்" என்று மனேஜரிடம் சொன்னாள். "கடிதம் வேண்டும் என்று அப்போது சொன்னாள். உங்களுக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. இவளுக்கே கொடுங்கள். எனக்கு வேண்டாம்."

"நிச்சயமாகவா?" என்றார் மனேஜர்.

"நிச்சயமாக" என்றாள். "எனக்குப் பிரச்சினை இல்லை."

அவள் குரல் இறங்கியிருந்தது. எவ்வளவு இறங்கவேண்டுமோ அவ்வளவு. பார்வை கோப்பிக் கோப்பையில் இருந்தது. பார்க்டேலில் அந்த ஒற்றை அறையும், கட்டிலும், ஆறு வாரத்துக்கு மாத்திரையும் எனக்குத் தெரியும். அவளுடைய ஊரில் எழும்ப விடமாட்டார்கள் என்பதும் தெரியும். யாராவது இன்னொரு முறை கேட்டால் அவள் பேசாமல் இருப்பாள், பேசாமல் இருந்தால் அது ஓம். மனேஜர் கேட்கமாட்டார், அவருக்கு அது தெரியாது. அந்த மேசையில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அவள் காத்திருந்தாள். தலையை நிமிர்த்தி என் பக்கம் ஒரு முறை பார்க்கவும் செய்தாள்.

நான் தாங்க் யூ என்று சொல்லிவிட்டுக் கோப்பியை எடுத்துக் குடித்தேன். ஜனவரியில் கடிதம் கையில் கிடைத்தது. தங்கை ஒன்றரை வருடம் கழித்து வந்து சேர்ந்தாள்.